மரை போகாத பிட்டு

மச்சி,

இன்று காலை கோட்டூர்புரத்தில் ஒரு வாசல் கதவின் பழைய பூட்டைக் கழற்றினேன். உள்பக்கத்து வட்டத் தகட்டில் இரண்டு திருகுகள். இரண்டாவது வெளியே வந்ததும் தகடு என் உள்ளங்கையில் விழுந்தது. அதன் பின்னாலேயே, இத்தனை வருஷம் காற்றுப் படாமல் அடைந்து கிடந்த தேக்கு வாசனை வந்தது. கதவின் மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு, கை பட்டு, கறுத்துவிட்டது. தகட்டுக்கு அடியில் மட்டும் நாம் பூட்டு மாட்டிய அன்றைக்கு இருந்த அதே மஞ்சள்.

அந்த மஞ்சளில், துளையைச் சுற்றி வட்டமாக, பென்சிலால் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தேன். உன் கையெழுத்து. 'இ' போடும்போது சுழியை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவாயே, அதே சுழி. பட்டறையில் உன்னோடு அத்தனை வருஷம் மாரடித்தவனுக்கு அது தெரியாமல் போகுமா?

என்ன எழுதியிருந்தாய் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதே கதவுக்கு முன்னால் நின்று உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். நீ இருந்தவரைக்கும் அதை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போதுதான் வருகிறது. என் புத்தி எப்போதுமே லேட்டுதான், உனக்குத் தெரியாததா?

அந்தப் பொய் மரத்தில் துளை போடும் ஒரு பிட்டைப் பற்றியது. அதை நீ வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. நீ சர்ச்சில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடேயே புதுப்பேட்டைக்கு வந்தாய். பழைய இரும்புக் குவியல் ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிளறு கிளறு என்று கிளறினாய். எனக்குப் பசி. "வா மச்சி, போலாம்" என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தபோது, துருப்பிடித்த ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினாய்.

"நைனா, இத்த பாரேன். ஒரே பிட்டுல எல்லா சைஸும் கீது."

"இன்னாடா இது, நாக்க நீட்டிக்கினு கீது?" என்றேன் நான்.

அன்றிலிருந்து அதன் பெயர் நாக்கு ஆகிவிட்டது. பிட்டின் தலையில் பக்கவாட்டில் நகரும் கத்தி அது. ஒரு சின்னத் திருகைத் தளர்த்தினால் கத்தி நகரும். வேண்டிய அளவுக்கு இழுத்து வைத்து, திருகை இறுக்கிவிட்டால் அந்த அளவுக்குத் துளை விழும். ஒரு அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரைக்கும் எந்தப் பூட்டு வந்தாலும், எந்தக் குழாய் வந்தாலும், அந்த ஒன்றே போதும். நீ அதை மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டுத் தேய்த்தாய். துருவுக்கு அடியிலிருந்து அளவுக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தபோது, என்னவோ பிள்ளைக்குப் பல் முளைத்த மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய்.

முதல் தடவை நான் அதை வைத்துத் துளை போட்டு அசடு வழிந்ததும் நினைவிருக்கிறது. துளை இரண்டு கோடு பெரிதாக வேண்டும் என்று நாக்கை இரண்டு கோடு நகர்த்தினேன். துளை நான்கு கோடு பெருத்துவிட்டது. நான் பிட்டைத் திட்ட, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நாக்கு ஒரு பக்கம்தான் நைனா கீது. ஆனா சுத்தும்ல? ரெண்டு பக்கமும் தின்னும்" என்றாய். "அளவு தப்பான பிட்டுடா இது" என்று நான் வீம்பு பிடித்தேன். "பிட்டுக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் மரை கழண்டுக்கீது" என்றாய். பார்த்தாயா, அன்றைக்கே நான் பழியைப் பிட்டின் மேல்தான் போட்டிருக்கிறேன்.

உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணங்கள் இரண்டு. ஒன்று, என் பென்சிலை எடுத்து உன் காதில் செருகிக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவது. இன்னொன்று, கேட்டதையே கேட்பது. நான் நாக்கை அளவுக்கு வைத்து, பிட்டைக் கையால் சுற்றும் பிரேஸில் மாட்டி, கதவில் முனையை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து உன் குரல் வரும்: "திருகிட்டியா?" கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றிலேயே ஒரு திருகு திருகிக் காட்டுவாய். மந்தைவெளியில் நம் பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர்கூட, சர்க்கரை டப்பாவை மூடும்போது உன்னைப் பார்த்து அதே மாதிரி செய்து காட்டிச் சிரிப்பார். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும். சின்னப் பையனைக் கேட்கிற மாதிரி கேட்கிறானே என்று இருக்கும்.

கோட்டூர்புரம் வீட்டுக்குப் பூட்டு மாட்டப் போன அன்று கரண்ட் இல்லை. இரண்டு நாளில் கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பெயின்ட் அடிப்பவர்கள் ஒரு பக்கம், தரை துடைப்பவர்கள் ஒரு பக்கம். அன்று காலையிலேயே உனக்கும் எனக்கும் வாய்ச் சண்டை. எதற்கு என்று இப்போது நினைவில்லை. நீ லேட்டாக வந்ததற்காகத்தான் இருக்கும். வழக்கமாகக் கழிவுக் கட்டையில் ஒரு துளை போட்டு அளவு பார்த்துவிட்டுத்தான் கதவைத் தொடுவோம். அன்று நான் அதைச் செய்யவில்லை. நாக்கை அளவுக்கு இழுத்து வைத்தேன். திருகில் கை வைக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து உன் குரல் வந்தது.

"திருகிட்டியா?"

"ஆச்சுய்யா! சும்மா சும்மா கேட்டுக்கினு கீற!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் பிரேஸைக் கதவில் ஊன்றிச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன்.

திருகவில்லை மச்சி. வாய் ஆச்சு என்று சொல்லிவிட்டது, கை செய்யவில்லை. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. ஆனால் அடுத்துச் சொன்னது வேண்டுமென்றே சொன்னது.

எட்டு சுற்றோ பத்து சுற்றோ. மரம் கிழிகிற சத்தம் கேட்டது. பிரேஸைத் தூக்கிப் பார்த்தால் நாக்கு வெளியே நழுவி, துளையின் ஓரமெல்லாம் பிய்ந்து, அரை அங்குல ஆழத்துக்குப் பல்லிளித்துக்கொண்டு நின்றது. பூட்டின் தகட்டை வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் தெரிந்தது. புத்தம்புது தேக்குக் கதவு.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னப்பா இது? வரவா எல்லாரும் வாசக் கதவைத்தானே முதல்ல பார்ப்பா? யாருப்பா பண்ணினது இதை?"

நான் அவரைப் பார்க்கவில்லை. உன்னையும் பார்க்கவில்லை. "பிட்டு சரியில்ல சார்" என்றேன். "பழைய பிட்டு. மரை தேஞ்சுபோச்சு. இன்னா திருகினாலும் நிக்க மாட்டேங்குது."

நீ என் கையிலிருந்து பிட்டை வாங்கினாய். திருகின் மேல் கட்டை விரலை வைத்தாய். ஒரு நொடிதான் வைத்தாய். பிறகு அவரிடம் சொன்னாய்: "ஆமா சார். பழசு. மரை போயிடுச்சு. என் பிட்டுதான் சார். கதவ நான் சரி பண்ணிக் குடுக்குறேன், முகூர்த்தத்துக்குள்ள."

அந்த ஒரு நொடியில் உனக்குத் தெரிந்ததா இல்லையா? இத்தனை வருஷம் என்னை அரித்த கேள்வி அதுதான்.

மறுநாள் என்னை வர வேண்டாம் என்றாய். டி. நகரில் பாதியில் நின்ற அலமாரி வேலைக்குப் போகச் சொன்னாய். சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது கதவில் பூட்டு மாட்டியிருந்தது. பிய்ந்த இடத்தில் தேக்கில் ஒரு வில்லை வைத்து ஒட்டி, ரேகையோடு ரேகை சேர்த்து இழைத்திருந்தாய். நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். எப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"உளியால சுத்தி செதுக்கி வில்லைய வச்சேன். பூட்டு ஓட்டைக்கு, சின்னச் சின்னதா பத்து ஓட்டை போட்டு, அரத்தால ராவிட்டேன்" என்றாய். என் பென்சில் உன் காதில் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பிட்டை நீ எடுக்கவே இல்லை. யாராவது இரவல் கேட்டு வந்தால், "அது மரை போன கேஸுப்பா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவாய். புதுப்பேட்டையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து பொறுக்கி எடுத்த பிட்டை, ஊர் முழுக்க நீயே குறை சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து இழைப்புளி தள்ளிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். பிறகு ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் நடந்தது. அன்றிலிருந்து நீ என்னிடம் "திருகிட்டியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாய். நான் மின்சார ட்ரில்லில் பிட்டை மாட்டினாலும் சரி, ஏணியின் மேல் நின்று கீல் மாட்டினாலும் சரி, கேட்க மாட்டாய். கேட்டபோது எரிச்சல் பட்டவன் நான். கேட்காமல் விட்டாயே, அது அதைவிட மோசமாக இருந்தது மச்சி. எத்தனையோ நாள், ட்ரில்லைப் பிடித்துக்கொண்டு உன் குரலுக்காகக் காத்து நின்றிருக்கிறேன். நீ வேறு பக்கம் திரும்பி எதையாவது அளந்துகொண்டிருப்பாய்.

சனிக்கிழமை சாயங்காலம் சீக்கிரமே கையைக் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கிளம்புவாய். ஒரு தடவை உன்னைச் சீண்டினேன். "இன்னா மச்சி, லிஸ்ட் பெருசா? நம்ம பட்டறைப் பாவமெல்லாம் சேத்து ஃபாதராண்ட சொல்லிட்டு வந்துடு. எனக்கும் மிச்சம்" என்றேன். நீ சிரிக்கவில்லை. துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "என்னுத மட்டும்தான் நைனா சொல்லணும். அடுத்தவன்து சொல்லக் கூடாது. அத்த அவன்தான் வந்து சொல்லணும்." நான் அதைக் கோயில் சமாசாரம் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

அப்புறம் உன் தொண்டைக்குக் கேடு வந்தது. நீ பீடியைத் தொட்டவன் இல்லை. நாள் முழுக்க ஊதித் தள்ளியவன் நான். டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். உன் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். குரல் போய்விட்டது. நான் பார்க்க வந்தபோது, மடியில் இருந்த நோட்டில் எழுதிக் காட்டினாய்: "டாக்டர் சைஸ் கரெக்டா போட்டுக்கீறார். பிசிறே இல்ல." என்னால் சிரிக்கவும் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கம்பியை எண்ணினேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த மத்தியானம் உனக்கு நோட்டு பிடிக்கவும் தெம்பில்லை. ஸ்டெல்லா அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு போர்வைக்கு வெளியே கையை எடுத்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் ஒரு திருகு திருகினாய்.

"கட்டில் ஆடிக்கினே கீதுண்ணா. அத்தத்தான் திருகச் சொல்றாரு போல" என்றார் அண்ணி.

நான் குனிந்து கட்டில் காலைப் பார்த்தேன். நட்டு உண்மையாகவே தளர்ந்துதான் இருந்தது. கையாலேயே முடுக்கிவிட்டு எழுந்து, "ஆச்சு மச்சி" என்றேன். நீ தலையை அசைத்தாய். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாய். அத்தனை வருஷம் கேட்காமல் விட்டதை அன்றைக்குத்தான் நீ மறுபடியும் கேட்டிருக்கிறாய். நான் மறுபடியும் ஆச்சு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இன்று காலைக்கு வருகிறேன். வீட்டுக்காரர் போன வருஷம் காலமாகிவிட்டாராம். அவர் மகள்தான் கூப்பிட்டாள். "அப்பா டைரியில உங்க நம்பர் இருந்துச்சுண்ணா. சாவி இல்லாம நம்பர் போட்டுத் திறக்கற லாக் வாங்கியிருக்கோம், மாத்தித் தர முடியுமா?" என்று கேட்டாள். புதுப் பூட்டுக்கு நீளமான தகடு. பழைய துளையையும் மூடிக்கொண்டு, அதற்கு மேலே இன்னொரு துளை கேட்கிற பூட்டு. பழையதைக் கழற்றினேன். உன் எழுத்தைப் படித்தேன்.

"பிட்டு மேல தப்பு இல்ல."

அவ்வளவுதான். என் பெயர் இல்லை. யார் தப்பு என்று இல்லை. உன் கருவிக்கு வந்த பழியை மட்டும் துடைத்துவிட்டு, மிச்சத்தை எனக்கு விட்டுவிட்டாய். அதையும் எங்கே எழுதினாய் பார்! பூட்டைக் கழற்றுகிறவன் மட்டுமே பார்க்கக்கூடிய இடத்தில்.

துளைக்குள் விரலை விட்டுத் தடவினேன். அரம் ராவிய கீறல் ஒன்றுகூட இல்லை. வெளிப்பக்கத்துக் கைப்பிடியையும் கழற்றிவிட்டு உன் வில்லையைப் பார்த்தேன். உளியால் செதுக்கினால் அப்படி வட்டம் வராது. வில்லை உட்கார்ந்த குழி, பூட்டுத் துளை, இரண்டையும் அந்தப் பிட்டால்தான் போட்டிருக்கிறாய். இரண்டு தடவையும் நாக்கு அசையாமல் நின்றிருக்கிறது. நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறாய். அப்புறம் என் எதிரில் அதை எடுத்தால் என் பொய் வெளுத்துவிடும் என்று, ஆசையாக வாங்கிய பிட்டைக் கட்டி உள்ளே வைத்துவிட்டாய். என்னை நான்கு வார்த்தை அசிங்கமாகத் திட்டியிருந்தால் ஒரு டீயோடு போயிருக்குமே, பாவி!

அந்தப் பெண்ணிடம் அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் ஏறி ராஜா அண்ணாமலைபுரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்று, "அண்ணி, அந்தப் பழைய பிட்டு, நாக்கு வச்சது, இருக்குதா?" என்று கேட்டேன்.

அவர் கையில் இருந்த துணியைக் கொடியில் போடாமல் என்னையே பார்த்தார். "இப்பதான் கேக்கத் தோணுச்சாண்ணா?" என்றார். "மத்த சாமானெல்லாம் யாருக்காச்சும் எடுத்துக் குடுத்துடுன்னு எழுதிக் காட்டினாரு. அது ஒண்ண மட்டும், நைனா கேட்டா குடுன்னாரு. நானும் நீங்க வருவீங்க, கேப்பீங்கன்னு பாத்துக்கினே கீறேன்."

கிழிந்த வெள்ளைச் சட்டையின் கைத்துணியில் பிட்டைச் சுற்றி வைத்திருந்தாய். எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. திருகின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. இறுக்கித்தான் வைத்திருந்தாய். உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, என் வயசையும் பார்க்காமல் அழுதேன். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

கோட்டூர்புரத்துக்குத் திரும்பிப் போய், கழிவுக் கட்டையில் ஒரு துளை போட்டு அளவு பார்த்தேன். கரண்ட் இருந்தது, பையில் ட்ரில்லும் இருந்தது. தொடவில்லை. பிரேஸில்தான் சுற்றினேன். முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து சுற்றி முடித்தேன். சுருள் சுருளாகத் தூள் விழுந்தது. பிசிறே இல்லை. "இதுக்கெல்லாம் மெஷின் இல்லையாண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "இருக்குதும்மா. இந்தக் கதவுக்கு இதுதான்" என்றேன்.

அவள் உள்ளே போன பிறகு, புதுத் துளையைச் சுற்றி, நீ எழுதிய மாதிரியே வட்டமாக, பென்சிலால் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியதுதான், தெரியுமே. "அன்னிக்கி நான் திருகல." கீழே உன் வரி, மேலே என் வரி. இரண்டையும் சேர்த்து நீளத் தகட்டை வைத்து மூடினேன். என்றைக்காவது ஒருத்தன் இந்தப் பூட்டையும் கழற்றுவான். கழுத்தைச் சாய்த்துப் படிப்பான். அவனுக்கு ஒன்றும் புரியாது. புரிய வேண்டியவன் நீதான்.

பிட்டை அண்ணியிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இப்போது என் பையில்தான் இருக்கிறது. நாளைக்கு அடையாற்றில் ஒரு வீட்டில் மூன்று கதவு. அங்கேயும் எடுப்பேன். பட்டறைப் பக்கம் யாராவது, "மரை போன பிட்டாச்சே அது?" என்று கேட்டால், நடந்ததைச் சொல்லிவிடுவேன். ஒவ்வொருத்தனுக்கும் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் விரலைத் திருகிக் கேட்டாயே மச்சி.

இல்லை. திருகவில்லை.